அஞ்சலையின் வீட்டுக்காரர் பிழைத்து வந்தார்

நான் வேலை பார்த்த மனநல ஆலோசனை மையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி நடக்கிறது, ஒரு மணி நேரம் வந்து பேசுங்கள் என்று போன மாதம் கூப்பிட்டார்கள். அடையாறில் அதே மாடிதான். சுவருக்கு மட்டும் வேறு வண்ணம் அடித்திருக்கிறார்கள். ‘நெருக்கடி காலத்தில் நம்மை நாம் கவனித்துக்கொள்வது’ என்று பலகையில் தலைப்பு. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள், வாரத்தில் ஒரு நாளாவது போனை அணைத்து வையுங்கள் என்று எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். பிறகு கேள்விகள். க்ளையண்ட் மேல் கோபம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள். பாசம் வந்துவிட்டால் என்று இன்னொருத்தி. நமக்கே பயம் வந்தால் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பொறாமை வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, அந்தக் கேட்காத கேள்விக்குத்தான் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கோமதி. மந்தைவெளியில் இருக்கிறேன். மூச்சுப் பயிற்சியும் யோகாவும் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த ஹாலில், முதுகுவலி, மூட்டுவலி என்று வரும் பெண்களுக்கு வகுப்பெடுப்பதில் தொடங்கினேன். பிறகு ஒரு டிப்ளமோ, ஆலோசனை சொல்லும் பயிற்சியில் ஒரு சான்றிதழ். அதற்குப் பிறகு லலிதா மேடத்தின் மையம். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

மேடம் மனநல மருத்துவர். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்திப் பேச மாட்டார். பாராட்டவும் மாட்டார். எதிரில் இருப்பவர் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். ‘கவலைப்படாதீங்க’ என்ற வார்த்தையை மையத்துக்குள் யாரும் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பெண்ணிடம் அப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டார். அவள் போன பிறகு என்னிடம் வந்து, “அந்தப் பொண்ணு கவலைப்படறதை நிறுத்தினாளா?” என்று கேட்டார்.

“இல்லை மேடம்.”

“அப்போ அதை யாருக்காகச் சொன்னேள்?”

அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டெல்லாம் கிடையாது. ஆனால் அந்த வார்த்தை அன்றோடு என் வாயிலிருந்து போய்விட்டது.

சனிக்கிழமை மதியம் நாங்கள் ஒவ்வொருவராக மேடத்தின் அறைக்குப் போக வேண்டும். மேசையில் ஒரு தட்டு நிறைய வறுத்த வேர்க்கடலை இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்துத் தோல் நீக்கிக்கொண்டே கேட்பார்: “இந்த வாரம் யாரை ஆத்துக்குக் கூட்டிண்டு போனேள்?” வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் எந்த க்ளையண்ட் மண்டைக்குள்ளேயே இருந்தார் என்று அர்த்தம். யாரும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் கை கடலை உடைத்துக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லிவிட்ட இடத்தில் மட்டும் கை நின்றுவிடும்.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோது மையத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டிலிருந்தே போனில் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கும் குடும்பங்களோடு தினமும் பேசுவது என்று மேடம் முடிவு செய்தார். போனில் முகம் தெரியாது. அதனால் எங்களுக்கு ஒரு வரிசையைச் சொல்லிக்கொடுத்தார்.

முதலில், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். நின்றுகொண்டிருந்தால் உட்காரச் சொல்ல வேண்டும். இரண்டு காலும் தரையில் பட வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மூச்சு. பயந்து போனவர்களிடம் ஆழமாக இழுங்கள் என்று சொல்லவே கூடாது. இழுக்க இழுக்கப் பதற்றம் கூடும். முதலில் வெளியே விடச் சொல்ல வேண்டும், சூடான டீயை ஊதுவது போல மெதுவாக, நீளமாக. உள்ளே வருவது தானாக வரும். மருந்தைப் பற்றியும் ஆக்சிஜன் அளவைப் பற்றியும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது, அது டாக்டர் வேலை. எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் கதையைப் பேசக் கூடாது. முடிக்கும்போது, அடுத்து எப்போது கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். “வேற எதுவுமே உறுதியில்லாத நாள்ல அந்த ஒரு போனாவது உறுதியா இருக்கட்டும்” என்பார் மேடம்.

அப்படி எனக்கு வந்த எண்களில் ஒன்று அஞ்சலையுடையது. நொச்சிக்குப்பத்துக்காரி. கடற்கரைச் சாலையோரத்தில் மீன் விற்பவள். என்னைவிடச் சின்னவள். அவள் வீட்டுக்காரர் தேசிங்கு கடலுக்குப் போகிறவர். அவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் முதல் முறை கூப்பிட்டபோது வார்த்தை வருவதற்கு முன்னால் இரைப்புத்தான் வந்தது.

“யாரு? ஆஸ்பத்திரியா? அவருக்கு இன்னா ஆச்சு?”

“ஆஸ்பத்திரி இல்லம்மா. என் பேரு கோமதி. உங்களோட பேசத்தான் கூப்பிடுறேன். இப்போ எங்க இருக்கீங்க?”

“கேட்டாண்ட நிக்கறேன். உள்ள உட மாட்டன்றாங்க.”

“உக்கார இடம் இருக்கா?”

“பிளாட்பாரம் கீது.”

“அதுல உக்காருங்க.”

“நான் உக்காந்தா அவரு நல்லாயிடுவாரா?”

“அது எனக்குத் தெரியாதும்மா. நீங்க கீழ விழாம இருப்பீங்க.”

பஸ் சத்தத்துக்கு நடுவே அவள் பையைக் கீழே வைப்பது கேட்டது. பிறகு அவள் சொன்னாள், “குந்திட்டேன். சொல்லு.”

அன்றைக்கு அவள் ஊதினாள், அழுதாள், மறுபடி ஊதினாள். மறுநாள் நான் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தாள். “கரீட்டா கூப்ட்டியே டீச்சர்” என்றாள். அன்றிலிருந்து நான் டீச்சர்.

அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் பாஸ்கரனுக்கும் காய்ச்சல் வந்தது. மந்தைவெளியிலேயே சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. காலையில் நான் பாயை விரித்தால் பக்கத்தில் தானும் ஒரு பாயை விரித்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் என்னோடு மூச்சுப் பயிற்சி செய்வார். என்னைத் திருப்திப்படுத்தத்தான். இருந்தாலும் வருடக்கணக்காகச் செய்தார். தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஆம்புலன்ஸில் ஏறினவர் வழியிலிருந்து போன் செய்தார். “கடைச் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு” என்றார். அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

மேடத்திடம் சொன்னேன். எல்லா க்ளையண்டையும் மற்றவர்களுக்கு மாற்றிவிடச் சொன்னார்.

“அஞ்சலையை மட்டும் நானே பார்த்துக்கிறேன் மேடம்.”

“ஏன்?”

“அவளோட பேசுற நேரத்துல மட்டும்தான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியுது.”

மேடம் யோசித்தார். “சரி. ஆனா அவளுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ உங்களைப் பார்த்துக்க ஆரம்பிச்சுடுவா.”

அஞ்சலை ஒரு நாள் கேட்கவும் கேட்டாள். “உன் வூட்ல எல்லாம் நல்லாகீறாங்களா டீச்சர்?” நான் அந்தக் கேள்வியைத் தாண்டி, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டேன். நல்லா இருக்கிறார்கள் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

அப்போதெல்லாம் பொறாமை இல்லை. நேர்மாறாக, உள்ளுக்குள் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. தேசிங்கு பீடி பிடிப்பவர், குடிப்பவர். நெஞ்சு ஏற்கெனவே கெட்டுப்போனது என்று அஞ்சலையே சொல்லியிருந்தாள். என் வீட்டுக்காரர்தான் முதலில் வீட்டுக்கு வருவார் என்று நான் நினைத்தேன். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே இருக்கும் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பும். அவர் வந்ததும் பயிற்சி கொடுக்க வேண்டுமே என்று அதில் ஒன்றை வாங்கிப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன்.

பாஸ்கரன் வரவில்லை.

மயானத்தில் தூரத்தில் நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் உறையில் முழுதும் சுற்றிய ஒரு நீளமான பொட்டலம். முகத்தைத் திறக்க விடவில்லை. அது அவர்தான் என்று அவர்கள் சொன்னதை நான் நம்பினேன், வேறு வழியில்லை. கோயம்புத்தூரில் கைக்குழந்தையோடு இருந்த மகள் போனில் பார்த்தாள். தெருவில் யாரும் வீட்டுக்குள் வர முடியாது. எதிர்வீட்டில் சமைத்துக் கேட்டில் தொங்கவிட்டுப் போவார்கள். கட்டிக்கொண்டு அழ ஒரு ஆள் கிடையாது. எல்லாரும் நல்லவர்கள்தான், எல்லாரும் ஆறடி தள்ளி நின்றார்கள்.

காரியங்கள் முடியும்வரை அஞ்சலையை என்னுடன் வேலை பார்த்த நித்யா பார்த்துக்கொண்டாள். டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தாள். நான் மறுபடி வேலையில் உட்கார்ந்த அன்று முதல் போன் அஞ்சலைக்குத்தான் செய்தேன்.

“டீச்சர், உடம்பு தேவலயா? உனக்கு ஒண்ணு சொல்லணும்னு காத்துகினுகீறேன். அவரு வந்துட்டாரு. வூட்டுக்கு வந்துட்டாரு. இதோ குந்திகினு கஞ்சி குடிக்கிறாரு. இரு, பேசச் சொல்றேன்.”

போன் கை மாறியது. கரகரவென்று ஒரு ஆண்குரல், பாதிக்குப் பாதி மூச்சோடு, “வணக்கம் மேடம்” என்றது. பின்னால் கரண்டி தட்டில் படும் சத்தம்.

நான் வணக்கம் சொன்னேன். சந்தோஷம் என்றும் சொன்னேன். போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றேன். வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு என்று அதுவரை நினைத்திருந்தேன். தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, நெருப்புக் கங்கு ஒன்றை வைத்த மாதிரி நிஜமாகவே எரிந்தது. பீடி பிடித்த நெஞ்சு வீட்டுக்கு வந்துவிட்டது. பாய் விரித்து என் பக்கத்தில் உட்கார்ந்த நெஞ்சு வரவில்லை. இதில் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

தேசிங்குக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அந்த மூன்று பந்துக் கருவியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். எப்படி உபயோகிப்பது என்று தெரியாமல் அவர் அதை ஊதிக்கொண்டிருந்தார். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். வாயால் சொல்லிப் புரியவில்லை. வீடியோ காலில் வரச் சொன்னேன். அங்கே ஒரு சின்ன அறை, தகரக் கதவு, பனியன் போட்ட ஒல்லியான மனிதர், பக்கத்தில் மனைவி. இங்கே நான் அலமாரியைத் திறந்து, பாஸ்கரனுக்கு வாங்கி வைத்த கருவியின் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். குழாயை மாட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக உறிஞ்சிக் காட்டினேன். மூன்று பந்தும் எழும்பி நின்றன.

“அட, டீச்சருக்கு மூணும் ஏறுது பாரு” என்றாள் அஞ்சலை.

தேசிங்குக்கு ஒன்று அசைந்தது, விழுந்தது. அவர் வெட்கத்தோடு சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிவிட்டாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரக்கணக்கில் அது நடந்தது. முதல் பந்து ஏறியது, பிறகு இரண்டாவது. அவருடைய பேச்சில் மூச்சு வாங்குவது குறைந்தது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன், என் வேலைதான் பலித்தது. ஒவ்வொரு முன்னேற்றமும் என்னைக் குத்தியது. என் தொழிலில் அதைப் போல நான் கவனமாக வேலை பார்த்ததும் இல்லை, அவ்வளவு வெறுப்போடு பார்த்ததும் இல்லை. ஒரு தவறும் செய்யவில்லை. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டேன். அவள் நன்றி சொன்னபோதெல்லாம் போனை வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

தேசிங்கு தேறத் தேற அஞ்சலையின் பேச்சு மாறியது. முதலில் சின்னச் சின்னக் குறைகள். பீடிக்குக் காசு கேட்கிறார், குளிக்க மாட்டேன் என்கிறார், பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறார். ஒரு நாள் போனை எடுத்ததுமே பொரிந்தாள்.

“கொழம்புல உப்பு கம்மியாம். தட்ட அப்டியே தள்ளி உட்டாரு டீச்சர். வெயில்ல குந்தி மீன் வித்துட்டு வந்து ஆக்கிப் போட்டா, தட்ட தள்ளி உடறாரு. இதுக்கு அங்கியே போயிருந்தா நானாவது நிம்மதியா இருந்திருப்பேன்.”

அவள், டீச்சர், டீச்சர், லைன்ல கீறியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் தேசிங்கு இருமுவதும், “ஏ, தண்ணி எடுத்தா” என்று கூப்பிடுவதும் கேட்டது. “வர்றேன் இரு” என்று அவள் சீறினாள். நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லி முடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். மையத்தைத் திறந்திருந்தார்கள். இருவரும் முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். வேர்க்கடலைத் தட்டு வழக்கம் போல இருந்தது, சாப்பிட முடியாவிட்டாலும் உடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரை ஆத்துக்குக் கூட்டிண்டு போனேள்?”

“அஞ்சலையை. அவ புருஷனையும்.”

“அவாளை வெச்சுண்டு என்ன பண்ணினேள்?”

“பொறாமைப்பட்டேன் மேடம்.”

“எதைப் பார்த்து?”

“அவர் உயிரோட இருக்கார்ல.”

“அது ரொம்பப் பெரிசா இருக்கு. சின்னதா சொல்லுங்கோ.”

“அவர் தள்ளிவிட்ட தட்டை அவ எடுத்துக் கழுவுவா மேடம். அதைப் பார்த்து. அவர் இருமுறாரு. தண்ணி கேட்கிறாரு. இவ எரிஞ்சு விழுறா. எனக்கு எரிஞ்சு விழ ஆள் இல்லை. உப்பு கம்மியா இருந்தா சொல்றதுக்கு எங்க வீட்டுல யாரும் இல்லை.”

கடலை உடைக்கும் கை நின்றது.

“பொறாமை வரக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன்” என்றார் மேடம். “வரும். ஆனா இப்படியே போனா ஒரு நாள் நீங்க அவகிட்ட, இருக்கறதை நினைச்சு சந்தோஷப்படும்மான்னு சொல்லிடுவேள். கேட்கறதுக்கு அறிவுரை மாதிரி இருக்கும். அது அறிவுரை இல்லை, பழி வாங்கறது. அதுக்கு முன்னாடி அவளை நித்யாகிட்ட விட்டுடுங்கோ.”

சரி என்றேன். சொன்ன அடுத்த நிமிடமே நித்யா மேலும் எனக்குப் பொறாமை வந்தது. மூன்றாவது பந்து இன்னும் ஏறவில்லை. அது ஏறும்போது பார்ப்பவள் நித்யாவாக இருப்பாள்.

“போன்ல வேண்டாம். நேர்ல போய்ச் சொல்லி முடிச்சுட்டு வாங்கோ.”

“காரணம் கேட்டா என்ன சொல்றது?”

“பொய் வேண்டாம். எவ்வளவு சொல்றதுங்கறது உங்க இஷ்டம்.”

ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள். ஒரு காலையில் ஆட்டோ பிடித்துப் போனேன். சாலையோரத்தில் வரிசையாகப் பெண்கள் பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அவள் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு, குடையின் நிழலில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து நித்யா பேசுவாள் என்று சொன்னேன்.

“ஏன் டீச்சர்? நான் எதுனா தப்பா பேசிட்டனா?”

“இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் இறந்துட்டார். அவருக்கும் கொரோனாதான்.”

“எப்போ?”

“உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்தப்போ.”

“அப்போ நான் உனக்கு போன்ல அழுதுகினு இருந்தனே. அப்பவா?”

“அப்பதான்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஐயோ என்று கத்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. “இவரு வந்துட்டாருன்னு உனக்குத்தான் மொதல்ல சொன்னேன். என்னப் பாத்து எரியலியா உனக்கு?” என்று கேட்டாள்.

எவ்வளவு சொல்வது என்பது என் இஷ்டம் என்று மேடம் சொல்லியிருந்தார். “எரிஞ்சுது” என்றேன். “இப்பவும் எரியுது.”

அஞ்சலை தலையை ஆட்டினாள். பிறகு வரிசையின் கடைசியில், தலையை முந்தானையால் மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டினாள்.

“அவ கன்னியம்மா. பக்கத்து வூடு. அவ புருஷன் ஏழுமலையும் இவரும் ஒரே ஆம்புலன்ஸ்ல போனாங்க. இவரு வந்தாரு, அவரு வர்ல. எப்பவும் என் பக்கத்துலதான் குந்துவா. இப்போ அங்க போய்ட்டா. என் மூஞ்சப் பாக்க மாட்டா. மத்தவங்களும் அவளுக்காக தள்ளிக் குந்திக்கறாங்க. எங்கூட்டுக்காரரு தட்ட தள்ளி உட்டாருன்னு நான் இங்க யாராண்ட சொல்லுவேன்? புருஷன் இல்லாதவ காதுல உழும்னு வாயத் தொறக்க மாட்டேன். உன்னாண்டதான் கத்துனேன். உனக்கு வூட்ல ஆள் கீறாரு, நீ தப்பா நெனைக்க மாட்டேன்னு நம்பி கத்துனேன்.”

அவளைப் பார்த்துக் கருகிக்கொண்டிருந்த எனக்கு, அப்படிப் பார்க்கப்படுகிறவள் எப்படி இருப்பாள் என்று அதுவரை தோன்றவில்லை. இரண்டு பக்கமும் காலியாக இருந்த இடம் அப்போதுதான் எனக்கு அர்த்தமானது. அதற்காக எரிச்சல் அணைந்துவிட்டது என்று எழுத மாட்டேன். அணையவில்லை.

நான் கிளம்பும்போது அஞ்சலை சொன்னாள், “நான் அந்த நித்யா பொண்ணாண்ட பேசிக்கறேன். நீ கன்னியம்மாவப் பாரு டீச்சர். அவ யாராண்டயும் பேச மாட்டன்றா. உன்னாண்ட பேசுவா.”

மேடத்திடம் கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் வந்து சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

கன்னியம்மா லேசில் பேசவில்லை. வாரம் ஒரு தடவை மையத்துக்கு வந்து, காலைத் தரையில் பதித்து, ஊதிவிட்டுப் போவாள். வெகு நாள் கழித்து ஒரு முறை தானாகவே சொன்னாள். “அஞ்சலயப் பாத்தா எரியுது டீச்சர். அந்த ஆளு பல்லு வெளக்கற சத்தம் செவுத்துக்கு அந்தாண்டேந்து கேக்குது. எனக்கு அத்த கேட்டாலே எரியுது.” அவள் அதைச் சொன்னபோது நான் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. பல் விளக்குகிற சத்தமா என்று மட்டும் கேட்டேன். ஆமாம், காறித் துப்புவார், அப்புறம் அவளைக் கூப்பிடுவார் என்று அவள் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நன்றாகத் தேர்ந்தவர்கள்கூட அந்த இடத்தில் சமாதானம் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்குப் பேசத் தோன்றவில்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. என் கதையை அவளிடம் நான் சொன்னதில்லை. குப்பத்தில் தெரியாமல் இருந்திருக்காது.

அடுத்த மழைக்காலத்துக்குள் கன்னியம்மா தன் பலகையைப் பழைய இடத்துக்கே நகர்த்தியிருந்தாள். பேச்சு அதிகம் கிடையாது. அஞ்சலைக்கு ஐஸ் தீர்ந்தால் தன்னுடையதில் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளிவிடுவாள், அவ்வளவுதான். தேசிங்கு மறுபடி கடலுக்குப் போனார். மூன்றாவது பந்து ஏறிவிட்டது என்று நித்யா சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் நானும் ஓய்வு பெற்றேன். மீன் வாங்க எப்போதாவது அந்தப் பக்கம் போவேன். தேசிங்கு வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், என்னைப் பார்த்து எழுந்து நிற்பார். நல்ல மனிதர்தான். அவர் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் அந்த இடம் சுள்ளென்று ஒரு தடவை பிடித்துவிடும்.

போன மார்கழியில் அஞ்சலை போன் செய்தாள். “டீச்சர், அவரு போய்ட்டாரு. படகுல ஏறும்போது நெஞ்சப் புடிச்சிகினாரு” என்றாள். குரலில் அழுகை இல்லை.

மத்தியானம் போனேன். தெருவை அடைத்துப் பந்தல். சாவு மேளம் காதைக் கிழித்தது. பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பூப்பல்லக்குக்கு ஆட்கள் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். தேசிங்கைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் காசு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அஞ்சலை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தை மறுபடி மறுபடி உள்ளங்கையால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தை, நெற்றியை, காதோரத்தை.

வாசலில் நின்ற எனக்கு அப்போது வந்ததும் பொறாமைதான். அவள் புருஷன் செத்துக் கிடக்கிறார், நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அவளுக்கு முகம் கிடைத்தது. தொடக் கிடைத்தது. மேளமும் பூவும் கிடைத்தன. அழ ஆட்கள் கிடைத்தார்கள்.

எனக்கு முன்னாலேயே கன்னியம்மா உள்ளே போனாள். கால்மாட்டில் விழுந்து, மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பது எல்லார் காதிலும் விழுந்தது. ஏழுமலை, ஏழுமலை என்று தன் புருஷன் பெயரைச் சொல்லித்தான் அழுதாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“இன்னாடி, பேர மாத்திச் சொல்ற?”

“சொல்லட்டும் உடு ஆயா” என்றாள் அஞ்சலை. “அன்னிக்கு அவள யாரு அழ உட்டாங்க?”

பிறகு அவள் நிமிர்ந்தபோது வாசலில் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணை நகரச் சொல்லி, தானும் கொஞ்சம் நகர்ந்து, தலைமாட்டில் இடம் பண்ணினாள்.

“வா டீச்சர். இப்டி குந்து.”

உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தேசிங்கின் தோள்மேல் வைத்தாள். “தொட்டுக்க” என்றாள். தோள் சில்லென்று, கெட்டியாக இருந்தது. பாஸ்கரனின் பெயரை நான் வாயால் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அதனால் எனக்கு வேறு எந்த வார்த்தையும் தெரியவில்லை.

“ஏங்க” என்றேன்.

அதற்குப் பிறகு தேசிங்கைத் தூக்கும்வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.